பதினாலு மூட்டைப் புல் விதை

பிள்ளையார்பாளையம்,
காஞ்சிபுரம்.
22-11-1970

அன்புள்ள தேவகி,

வெள்ளிக்கிழமை உன் வீட்டில் மோர் குடித்தபோது நான் சொல்லாமல் விட்டது இது: உன்னைப் பார்ப்பதற்கு முன்பே உங்கள் களத்துக்குப் பின்னால் போய்விட்டு வந்திருந்தேன். "மேய்க்கால் எப்படி இருக்குது?" என்று நீ கேட்டாய். "பரவாயில்லை" என்றேன். அது பொய். இரண்டாவது டம்ளர் மோரை வேண்டாம் என்றதற்கும் வயிறு காரணமில்லை.

உனக்குத் தெரிந்த கதைதான். ஆனாலும் வரிசையாக எழுதினால்தான் எனக்கு யோசிக்க வருகிறது. மூன்று வருடத்துக்கு முன்பு ரோடு போடுகிறவர்களின் லாரிகள் ஊர் மாடுகள் மேயும் ஏரிக்கரை மேய்க்காலின் மேல்மண்ணை எட்டு ஏக்கருக்கும் சுரண்டிக்கொண்டு போயின. அதன்பின் அங்கே எருக்கைத் தவிர ஒன்றும் தலைகாட்டவில்லை. போன தை மாதம் நீயும் நானும் அங்கம்மாளும் வாலாஜாபாத்துக்கு இந்தப் பக்கம் பாலாற்றங்கரையில், இன்னும் லாரி நுழையாத புல்வெளியில், பத்து நாள் கையால் உருவி விதை சேர்த்தோம். பட்டு நூல் சிப்பம் சுற்றி வந்த துணியில் அம்மா தைத்துக் கொடுத்த பைகளில் பதினாலு மூட்டை. அவற்றை நான் என் வீட்டில் வைக்க முடியவில்லை. "ஊசிப்புல்லு ஒண்ணு பாவுல ஏறிச்சின்னா ஒரு முகூர்த்தப் புடவை போச்சு. இந்தக் குப்பை தறிகிட்ட வரக்கூடாது" என்று அப்பா கூச்சல் போட்டார். அதனால்தான் உன் வீட்டுக்கு வந்தன. ஆடியில் விதைத்தபோது பள்ளிக்கூடத்தில் அனுப்பிய ஆசிரியர் பயிற்சிக்காக நான் சென்னையில் இருந்தேன்.

வெள்ளிக்கிழமை ஒரு கெஜச் சதுர மரச்சட்டத்தை மேய்க்காலில் நாற்பது இடத்தில் வைத்து, உள்ளே முளைத்திருந்ததை எண்ணினேன். எல்லாம் தகரை, கொழிஞ்சி, நரிப்பயறுச் செடிகள். புல் என்று பார்த்தால் நாற்பது இடத்திலும் சேர்த்து ஆறே தூர். உங்கள் களத்துக்குக் கிழக்கே இருக்கும் தரிசில் ஒரே சட்டத்துக்குள் கொழுக்கட்டைப்புல், ஊசிப்புல், மயில்கொண்டைப்புல், ஒட்டுப்புல் நான்கும் இருக்கின்றன. போன வருடம் அங்கே நெருஞ்சிதான் இருந்தது. இந்த நான்கும் ஒன்றாக நிற்கும் இடம் உங்கள் தாமலில் வேறெங்கும் இல்லை.

புல்லை மீட்டுக் காட்டுகிறேன் என்று ஒன்றியத்தில் எழுதிக் கொடுத்தவள் நான் என்பதால், டிசம்பர் பத்தாம் தேதிக்குள் நான்தான் அங்கே அறிக்கை கொடுக்க வேண்டும். புல் வந்தால் நிலம் மேய்ச்சலுக்கே இருக்கும், வராவிட்டால் தையில் சவுக்குப் போட ஏலம். அதை எடுக்க யார் காத்திருக்கிறார்கள் என்பது உனக்குத் தெரியும். அவர் சாப்பிடுகிற வீட்டில்தான் மூட்டைகள் ஆறு மாதம் இருந்தன.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். பதினாலு மூட்டையும் மேய்க்காலில்தான் விதைக்கப்பட்டனவா?

உன்,
ஏலவார்குழலி


தாமல்
26-11-1970

குழலிக்கு,

மோரை மிச்சம் வைத்ததை நான் கவனித்தேன். உப்பு கூடிப்போனதோ என்று நீ போனபிறகு குடித்துப் பார்த்தேன். உப்பு சரியாகத்தான் இருந்தது.

என் கொல்லைக்குள் எனக்குச் சொல்லாமல் நுழைந்து சட்டம் வைத்து எண்ணியிருக்கிறாய். நான் பிள்ளையார்பாளையத்துக்கு வந்து உன் அப்பா இல்லாத நேரத்தில் தறிக்குழியில் இறங்கி இழை எண்ணினால் என்ன சொல்வாய்?

பதினாலு பையையும் துவைத்து, ஒட்டியிருந்த ஊசிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, மடித்து உனக்கு அனுப்பினேன். வந்ததா இல்லையா? விதை என்று இருந்ததில் ஒரு மணிகூட என் வீட்டில் தங்கவில்லை. நானும் அங்கம்மாளும் பக்கத்து வீட்டு ஜெயம்மாளும் சேறு முழங்காலுக்கு வர நடந்து விதைத்தோம். களத்துக்குப் பின்னால் புல் வந்திருந்தால் மழை பெய்தது, வந்தது. புல் என்னிடம் கேட்டுக்கொண்டு முளைப்பதில்லை.

என் மாமனாருக்கு அந்த எட்டு ஏக்கர் மேல் ஆசை இருக்கிறது. நான் மறைக்கவில்லை. உன் காகிதம் வந்த அன்று என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இன்னாமா, உன் டீச்சரு இன்னா எழுதிக்கீறா? புல்லு எண்றதுக்கு ஒரு படிப்பு! மாடு எண்ணாமலே தின்னுட்டுப் போவுது" என்றார். இந்த வீட்டில் மேய்க்காலுக்காக அவரோடு ஒரு வருடமாக வாயாடிக்கொண்டிருப்பவள் நான் ஒருத்திதான். எனக்கு எருமை இரண்டு, சொந்த நிலத்து வைக்கோல் இருக்கிறது. மேய்க்கால் போனால் நடுத்தெருவில் நிற்கப்போவது அங்கம்மாளின் இரண்டு பசு. அவளுக்கு ஒரு செண்டு நிலம் கிடையாது.

இதையெல்லாம் உனக்குச் சொல்ல வேண்டியிருக்கிறதே என்பதுதான் எனக்கு வருத்தம்.

தேவகி


பிள்ளையார்பாளையம்
1-12-1970

தேவகிக்கு,

உன் கடிதத்தில் நான் கேட்டதற்குப் பதில் இருப்பதுபோல இருக்கிறது, ஆனால் இல்லை. 'விதை என்று இருந்ததில் ஒரு மணிகூட' என்று எழுதியிருக்கிறாய். 'பதினாலு மூட்டையும்' என்று நீ எழுதவில்லை. நான் மிகவும் நுணுக்கிப் பார்க்கிறேன் என்பாய். எண்ணுவதும் நுணுக்கிப் பார்ப்பதும்தான் என் வேலை.

சனிக்கிழமை அங்கம்மாள் வழக்கம்போல எங்கள் தெருவுக்கு வறட்டி விற்க வந்தாள். நான் கேட்டதையும் அவள் சொன்னதையும் அப்படியே எழுதுகிறேன், பிறகு நான் கூட்டினேன் குறைத்தேன் என்று ஆகக்கூடாது.

"ஆடியில எத்தனை மூட்டை வெதச்சீங்க?" என்றேன்.

"நாலு மூட்டைமா. நாலாவது முழுசா இல்ல, வாய் கொறச்சல்."

"பதினாலு இல்லே இருந்தது?"

"இருந்துச்சு." அவள் சிரித்தாள். "பதினாலை வெதைக்க முடியுமா டீச்சரம்மா? நல்ல ஆளு நீ!"

"மீதி எங்கே?"

"எங்க இருக்கும்? தேவகிம்மா களத்தோட சரி." சொல்லிவிட்டுக் கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டாள்.

மேலே கேட்க எனக்கு மனம் வரவில்லை. உன் வீட்டு வேலைக்கு வருகிறவளை உனக்கு எதிராக நிறுத்திக் கேள்வி கேட்பது சரியில்லை என்று நினைத்தேன்.

பத்து மூட்டை, தேவகி. உன் களத்தோடு சரியாகிவிட்ட பத்து மூட்டையில் இருந்த புல் இப்போது உன் களத்துக்குப் பின்னால் நிற்கிறது. நீ விரும்பிச் செய்திருக்க மாட்டாய் என்று நினைக்கிறேன். உன்னைச் செய்ய வைத்திருக்கலாம். மேய்க்காலில் புல் வரக்கூடாது என்று நினைக்கும் ஒருவர் அதே வீட்டில் இருக்கிறார். அப்படியானால் எனக்கு மட்டும் சொல். அறிக்கையில் எப்படி எழுதுவது என்று நான் பார்த்துக்கொள்கிறேன்.

பத்தாம் தேதிக்குள் பதில் வேண்டும்.

குழலி


பிள்ளையார்பாளையம்
11-12-1970

தேவகிக்கு,

ஒன்பதாம் தேதி வரை தபால்காரரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீ எழுதவில்லை. பேசாமல் இருப்பதும் ஒரு பதில்தான் என்று எடுத்துக்கொண்டேன்.

நேற்று அறிக்கையைக் கொடுத்துவிட்டேன். உன் முதுகுக்குப் பின்னால் எழுதினேன் என்று நீ நினைக்கக்கூடாது என்பதால் அந்த மூன்று வாக்கியத்தை இங்கேயும் எழுதுகிறேன்:

'ஒப்படைக்கப்பட்ட பதினான்கு மூட்டை விதையில் நான்கு மட்டுமே மேய்க்காலில் விதைக்கப்பட்டதாகத் தெரிகிறது. மீதிப் பத்து மூட்டை பற்றிக் கேட்டும் விளக்கம் கிடைக்கவில்லை. அவ்விதையின் புல்வகைகள் அருகிலுள்ள தனியார் நிலத்தில் காணப்படுகின்றன.'

பெயர் எழுதவில்லை. விதை யாரிடம் இருந்தது என்பது ஊருக்கே தெரியும் என்பதும் எனக்குத் தெரியும். 'இன்னும் ஒரு வருடம் தவணை தந்தால், முழு விதையும் விதைத்துக் காட்டுகிறேன்' என்றுதான் அறிக்கையை முடித்திருக்கிறேன். நிலத்தைக் காப்பாற்ற எனக்கு வேறு வழி தெரியவில்லை.

ஏலவார்குழலி


தாமல்
19-12-1970

குழலி,

என் தங்கைக்குப் பிரசவம் என்று மூன்றாம் தேதி வாலாஜாபாத் போனவள் பதினாறாம் தேதிதான் திரும்பினேன். உன் இரண்டு கடிதமும் கண்ணாடிக்குப் பின்னால் செருகியிருந்தன. என் வீட்டுக்காரர் பிரிக்காமல் வைத்திருந்தார். இரண்டையும் ஒன்றாகப் படித்தேன். படித்து முடித்த மறுநாளே ஒன்றியத்திலிருந்து அதிகாரி ஜீப்பில் வந்து இறங்கிவிட்டார்.

நேரே களத்துக்குத்தான் போனார். பின்னால் பஞ்சாயத்துத் தலைவர், அவர் பின்னால் தெரு. அதிகாரி மரியாதையாகத்தான் கேட்டார்: "ஏம்மா, பொது நிலத்து விதையை இங்கே போட்டீங்களா?" நான் வாயைத் திறப்பதற்குள் என் மாமனார், "ஐயா, அது பொம்பளைங்க விளையாட்டு. சவுக்கு வெச்சா பஞ்சாயத்துக்கு வருமானம். புல்லு வெச்சா இப்படித் திருட்டுப் பட்டம்தான்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் இந்த ஊருக்கு வாழ வந்து எட்டு வருடம். திருட்டு என்ற சொல்லை என் வாசலில் யாரும் சொன்னதில்லை.

நாலு மூட்டைதான். யார் இல்லை என்றார்கள்? நீ கொடுத்த பதினாலு மூட்டையில் விதை இருந்ததே அவ்வளவுதான். மீதி பத்தும் தூசி, தும்பு, பதர். ஆடி பிறந்ததும் நாங்கள் மூன்று பேரும் மூன்று நாள் களத்தில் நின்று தூற்றினோம். மேல்காற்று அப்படி அடித்தது, கூடையைத் தூக்கியதுமே வாரிக்கொண்டு போனது. சுணை கண்ணில் விழுந்து ஜெயம்மாளுக்கு ஒரு வாரம் கண் சிவந்திருந்தது. அதற்குப் பிறகும் முறத்தில் போட்டுப் புடைத்தோம். மணி மணியாக நாலு மூட்டை தேறியது. தூற்றாத விதையை எவளாவது நிலத்தில் போடுவாளா? பார்க்கிறவர்கள் காறித் துப்பமாட்டார்களா? அதிலும் நீ படித்தவள், சர்க்கார் வந்து பார்க்கப்போகிற நிலம் என்று, விதை நெல்லுக்குக்கூடச் செய்யாத சுத்தம் செய்தோம். அந்தப் பாட்டைச் சொல்லிக்காட்டக்கூடாது என்று உனக்கு எழுதவில்லை.

அங்கம்மாள் சிரித்தது ஏன் என்று இப்போது தெரிகிறதா? குப்பையை விதைக்க முடியுமா என்றுதான் அவள் கேட்டாள்.

இனி நீ என்ன வேண்டுமானாலும் எழுதிக்கொள்.

தேவகி


பிள்ளையார்பாளையம்
21-12-1970

தேவகி,

உன் கடிதத்தைப் பள்ளிக்கூடத்தில் இரண்டு வகுப்புக்கு நடுவில் படித்தேன். மூன்றாவது வகுப்பை எப்படி எடுத்தேன் என்று தெரியவில்லை.

நீங்கள் காற்றில் விட்டதுதான் விதை.

புல்லின் விதை நெல்மணிபோலத் தனியாக உதிராது. அந்தப் பதருக்குள்ளேதான் இருக்கிறது. சுணையும் வாலும் ஊசியும் அதோடு சேர்ந்தவை. காற்றில் ஏறிப் போவதற்கும், மண்ணில் தைத்து நிற்பதற்கும் அதற்கு இருப்பதே அவைதான். முறத்தில் கனமாகத் தங்கியது தகரையும் கொழிஞ்சியும் நரிப்பயறும். கூடவே உருவி வந்தவை. அதில் தகரையை மாடு முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விடும். மேய்க்காலில் நான் எண்ணியது அதைத்தான்.

என் நோட்டை எடுத்துப் பார்த்தேன். உங்கள் தரிசில் புல் நின்ற இடத்தை அன்றே வரைந்து வைத்திருக்கிறேன். களத்தின் விளிம்பில் ஒரு முழ அகலத்தில் ஆரம்பிக்கிறது. கிழக்கே போகப் போக விரிகிறது, பிறகு அடர்த்தி குறைந்து தேய்ந்துபோகிறது. கையால் விதைத்த நிலம் அப்படி இருக்காது. காற்று போட்ட கோலம் அது. பள்ளிக்கூடத்தில் வருடா வருடம் விதை பரவுதல் பாடம் நடத்துகிறேன். என் கையால் வரைந்ததை என் கண்ணால் பார்க்கவில்லை. நான் பத்து மூட்டையை எண்ணிக்கொண்டிருந்தேன்.

'அப்படியே விதையுங்கள், தூற்ற வேண்டாம்' என்று ஒரு வரி நான் எழுதியிருக்க வேண்டும். எழுதத் தோன்றவில்லை. எங்கள் வீட்டுக்கு அரிசி கடையிலிருந்து வருகிறது. விதையை ஒருவர் தூற்றுவார் என்பதே என் நினைவில் இல்லை.

மன்னிப்பு என்ற சொல்லை இந்தக் கடிதத்தில் எழுத வெட்கமாக இருக்கிறது. வேறு இரண்டு காரியம் சொல்கிறேன். முதலாவது, நாளைக்கே ஒன்றியத்துக்குப் போய் அந்த மூன்று வாக்கியத்தையும் திருத்திப் புது அறிக்கை கொடுக்கிறேன். இரண்டாவது, அந்தத் தரிசுப் புல்லை யாரும் தொடாமல் பார்த்துக்கொள். அதிகாரியைத் திரும்ப அழைத்துவந்து அந்த விரிவைக் காட்டுகிறேன். விதை இப்போது முற்றியிருக்கும். அவர் பார்த்தபிறகு தாளோடு அறுத்து, உதறாமல், தூற்றாமல், மேய்க்காலில் பரப்பிவிட்டால் அடுத்த மழைக்குப் போதும். எட்டு ஏக்கருக்கும் வேண்டிய தாய்விதை இப்போது உன் களத்துக்குப் பின்னால் நிற்கிறது.

குழலி


தாமல்
2-1-1971

டீச்சர் அவர்களுக்கு,

தாங்கள் கேட்ட புல் இல்லை.

அதிகாரி வந்துபோன மறுநாள் காலையே நான் அரிவாளை எடுத்துக்கொண்டு போய் முழுவதையும் அறுத்தேன். திருட்டுப் புல் என்று பேர் வாங்கியது என் கொல்லையில் நிற்க வேண்டாம் என்று தோன்றியது. எருமைகள் இரண்டு நாளில் தின்றுவிட்டன. அந்த ஈரத்திலேயே இடத்தை உழுது போடச் சொன்னேன். என் மாமனார் தானே ஏர் பிடித்தார். வாழ வந்ததிலிருந்து நான் சொல்லி அவர் சந்தோஷமாகச் செய்த வேலை அது ஒன்றுதான். தங்களுடைய கடிதம் அதற்கு நாலு நாள் கழித்து வந்தது.

பதருக்குள் விதை இருக்கிறது என்பது எங்களுக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. பிறகு கேட்டிருக்க வேண்டும். தாங்கள் கேட்டது மூட்டைக் கணக்கைத்தான். ஆடியில் என்ன செய்தீர்கள் என்று என்னிடமோ அங்கம்மாளிடமோ ஒரு வார்த்தை கேட்டிருந்தால் மூன்று நாள் பாட்டையும் அவள் மூச்சுவிடாமல் சொல்லியிருப்பாள்.

இப்போது தங்களுக்கு என் புல் வேண்டும் என்பதால் நான் நல்லவளாகிவிட்டேனோ என்றும் ஒரு எண்ணம் வருகிறது. தங்களிடமிருந்து கற்றுக்கொண்டதுதான்.

இப்படிக்கு,
வ. தேவகி


பிள்ளையார்பாளையம்
17-1-1971

தேவகி,

நீ எப்படி அழைத்தாலும் நான் இப்படித்தான் எழுத முடியும்.

ஒன்றியத்துக்கு மூன்று முறை போனேன். முதல் முறை அதிகாரி இல்லை. இரண்டாம் முறை புது அறிக்கையை வாங்கி வைத்துக்கொண்டார். பொங்கலுக்கு முந்தின நாள், இரண்டையும் மேஜைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்து என்னைக் கேட்டார்: "அம்மா, கையெழுத்து ரெண்டுலயும் உங்களுதுதான். பன்னெண்டு நாள் இடைவெளி. ஒண்ணுல விதை போன இடம் தெரியலைங்கறீங்க, இன்னொண்ணுல காத்துல போச்சுங்கறீங்க. நான் எதை நம்பறது?"

"வந்து பாருங்கள்" என்று சொல்ல வாயெடுத்தேன். பார்ப்பதற்கு அங்கே உழுத மண்தான் இருக்கிறது என்பது நினைவுக்கு வந்தது. என் நோட்டைக் காட்டினேன். பென்சில் படம். அவர் நல்ல மனிதர், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். "படம் நல்லா இருக்குது" என்றார்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நான் சொல்லாவிட்டாலும் நீ ஊகிப்பாய். புல்லை அறுத்து உழுதுவிட்டதாக நீ எழுதியதைப் படித்ததும் என் மனதில் முதலில் வந்தது, 'எதை மறைக்க?' என்பதுதான். ஒரு நிமிடம்கூட இருக்காது. ஆனால் எல்லாம் தெரிந்தபிறகும் வந்தது. இது எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியவில்லை. நாளெல்லாம் இழை அறுந்த இடத்தைத் தேடுகிற வீட்டில் வளர்ந்தேன் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். அப்பா அறுந்த இழையைத் தேடுவார், கண்டால் முடிச்சுப் போடுவார். ஆள்மேல் சந்தேகப்பட்டு நான் பார்த்ததில்லை.

ஏலம் இருபத்தொன்பதாம் தேதி, வெள்ளிக்கிழமை. அதில் நான் வந்து பேசினால் மூன்றாவது அறிக்கை கொண்டுவந்திருக்கிறாள் என்று சிரிப்பார்கள், வர வேண்டாம் என்று அதிகாரியே சொல்லிவிட்டார். ஆனால் தூற்றியவர்கள் நீங்கள் மூன்று பேர். நீங்கள் சொன்னால் கேட்கக்கூடும். எனக்காக இல்லை. எனக்காகக் கேட்கும் உரிமை போய்விட்டது என்று தெரியும். அங்கம்மாளின் பசுக்களுக்காக ஒரு முறை எழுந்து நில்.

குழலி


தாமல்
10-2-1971

குழலிக்கு,

போனோம். மூன்று பேரும் போனோம். பஞ்சாயத்து ஏலத்துக்குப் பெண்கள் வந்தது அதுதான் முதல் தடவை. உட்கார இடம் விடவில்லை, வாசல் ஓரம் நின்றோம்.

நான்தான் முதலில் பேசினேன். "அது திருட்டு இல்லீங்க, பதர்ல விதை இருந்துச்சு, தெரியாம தூத்திட்டோம்" என்றேன். தலைவர் என் மாமனாரைப் பார்த்தார். என் மாமனார் கூரையைப் பார்த்தார். பிறகு அங்கம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "நாங்கதான் சாமி தூத்தினோம், இந்தக் கையாலதான்" என்று இரண்டு கையையும் நீட்டிக் காட்டினாள். பின்னாலிருந்து யாரோ, "பதரைத் தூத்தினா புல்லு மொளைக்கும்னா, எங்க வீட்டுப் பதரையும் தூத்து, நெல்லு மொளைக்கட்டும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். கடைசியில் அங்கம்மாளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அவள் சிரித்ததும் பேச்சு முடிந்துபோயிற்று.

நான் உன்னை நம்புகிறேனா என்று கேட்டு எழுதாதே. எழுந்து நின்றேன், அவ்வளவுதான். என் மாமனார் அன்றிலிருந்து என் கையால் சாப்பிடுவதில்லை, கொழுந்தன் வீட்டில் சாப்பிடுகிறார்.

எட்டு ஏக்கரையும் பத்து வருடத்துக்கு அவர்தான் எடுத்தார். ஏலம் கேட்க வேறு யாரும் வரவில்லை. திங்கட்கிழமை சவுக்குக்குக் குழி வெட்ட ஆரம்பித்தார்கள். அங்கம்மாள் பசு இரண்டையும் விற்றுவிட்டாள். வறட்டி விற்க இனி உங்கள் தெருவுக்கு வரமாட்டாள். மேய்க்காலில் குழி வெட்டும் கூலிக்குப் போய்க்கொண்டிருக்கிறாள்.

தேவகி